தோட்டத்து மாரியம்மனும் முனைவர் பட்டமும்

கோலாலம்பூரை அடுத்த அம்பாங்கின் கதை ஈயத்தில் தொடங்குகிறது. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆறுகள் கூடும் இடத்தில் கரையேறிக் காட்டுவழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் 69 பேரைக் கொண்டுபோனது. 1862இல் அங்கே ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்குக் கோயில் எழுந்ததாகச் சொல்கிறார்கள். பின்னால் ரயில் பாதை போடவும் பால்மரம் சீவவும் வந்த தமிழர்களும் இதையேதான் செய்தார்கள். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன், காட்டோரத்தில் ஒரு முனியாண்டி. நிலம் துரையுடையது, கோயில் கூலிக்காரர்களுடையது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சமயச் சமூகவியலை மேற்படிப்பாக எடுக்கும் மாணவர் இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். இதுவரையான ஆய்வின் போக்கோ பெரும்பாலும் திருவிழாவை நோக்கியே இருந்திருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டுப் பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. அத்துறை 1966இல் வெளியிட்ட அரசரத்தினத்தின் நூல் மலாயாவின் இந்தியத் திருவிழாக்களைப் பற்றியது. எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் 1997இல் பினாங்குக் காவடியையும், கார்ல் வடிவேலா பெல் 2017இல் தைப்பூசத்தையும் எழுதினார்கள். நல்ல நூல்கள்தான். ஆனால் 1962-63இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி ஆய்ந்த ரவீந்திர ஜெயின் வேறு வழியில் போனார். 1970இல் வந்த அவருடைய நூலில் சமயம் தனித்து நிற்கவில்லை. லயம், சாதி, தொழிற்சங்கம், தலைமைப் போட்டி எல்லாவற்றோடும் பின்னிக்கிடக்கிறது. ராஜகிருஷ்ணன் 1984இல் மலேசியத் தமிழரின் சாதி உணர்வை ஆராய்ந்தது இதற்கு அடுத்த படி. ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் பயணமும் கவனிக்கத்தக்கது: 2006இல் தமிழ் அடையாளத்தையும் சடங்கையும் எழுதியவர், 2014இல் தோட்டங்கள் கைமாறி மக்கள் வெளியேற்றப்பட்டதையும் கோயில்கள் இடிபட்டதையும் எழுதினார். பக்தியைப் பின்தொடர்ந்த ஆய்வாளரின் கால்கள் நிலத்தகராறில்தான் போய் நின்றன.

பத்துமலைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்போது அதை விட்டுவிட்டுச் சின்னக் கோயிலை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும் என்று கேட்கலாம். பத்துமலை, 1873இல் தொடங்கிய கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலோடும், தம்புசாமிப் பிள்ளை என்ற செல்வந்தரின் பெயரோடும் பிணைந்தது. நகரத்துப் பணமும் செல்வாக்கும் வளர்த்த தலம் அது. அங்கே காவடி எடுத்தவரின் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் சம்பளப் பிடித்தம் மூலம் கோயில் வரி கட்டினார் என்பதைப் படிக்கட்டில் நின்று தெரிந்துகொள்ள முடியாது. இன்னொரு மறுப்பு கனமானது: நிலத்தைப் பேசினால் பக்தி வெறும் பட்டா வழக்காகச் சுருங்கிவிடாதா? சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலத்தாஸ் 1963இல், சமய நெறி பொருளாதார நடத்தையை வடிவமைக்கிறது என்ற வெபரின் கருத்தை எடைபோட்டபோது, ஒரே இஸ்லாத்தைப் பின்பற்றும் சமூகங்கள் வணிகத்தில் வெவ்வேறாக நடப்பதைக் காட்டி, நடத்தைக்குச் சமயம் மட்டுமே காரணமாகாது என்றார். அந்த எச்சரிக்கையை மறுபக்கமும் திருப்பிப் பார்க்கலாம். நிலமும் மட்டுமே காரணமாகாது.

சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்வோம். 2014இல் நீதிமன்றத்தில் இடமாற்றத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. மாற்று நிலமும் தரப்பட்டது. கோயிலின் பெயரால் பேசியவர்களில் ஒரு தரப்பு ஒப்புக்கொண்டது, மற்றொன்று மறுத்தது. 2018 நவம்பரில் கலவரம் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். நிலத்தின் விலை மட்டுமே பிரச்சினை என்றால் மாற்று நிலத்தோடு வழக்கு முடிந்திருக்கும். அம்மன் இந்த மண்ணில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் நம்பிக்கை முழு உருவில் தெரிகிறது. அந்தப் பிடிவாதம் யாருடையது, கோயிலின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்ற கேள்விகளுக்கு ஆகமம் விடை தராது. நிர்வாகக் குழுவின் வரலாறுதான் தரும்.

சின்னக் கோயில்களுக்கு ஆவணம் ஏது என்பார்கள். இருக்கிறது, நூலகத்தில் இல்லை. திருவிழா நோட்டீசில் உபயகாரர் பெயர்கள் வரிசையாக இருக்கும். எந்த நாள் யாருக்கு என்பதில் பழைய சாதி வரிசையும் சங்கச் செல்வாக்கும் பதிந்திருக்கக்கூடும். நன்கொடை ரசீது புத்தகம், பொதுக்கூட்டக் குறிப்பேடு, சங்கப் பதிவிலாகாவுக்குக் கொடுத்த படிவத்தின் நகல் ஆகியவை முன்னாள் செயலாளர்களின் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, குடும்பம் அடுக்குமாடிக்கு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்தக் காகிதக் கட்டுதான். முதுகலை மாணவர் ஒருவர் செயலாளரின் வீட்டுக்கே போய், அனுமதி பெற்று, அவற்றைப் படமெடுத்துப் பட்டியலிட்டால் அந்த வேலைக்கே ஒரு பட்டம் தகும்.