எல்லை தாண்டி வந்த அபராதக் கடிதம்



ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். "சார், லீவுக்குக் காரில் நெதர்லாந்து போய்வந்தேன். வேகமாக ஓட்டியதாக அங்கிருந்து வீட்டுக்கே அபராதக் கடிதம் வந்துவிட்டது. நான் இருப்பது வேறு நாடு. கட்டித்தான் ஆகணுமா?"

"கட்டிடுப்பா" என்று ஒரு வரியில் பதில் போட்டேன். ஆனால் அந்தக் கடிதம் எல்லை தாண்டி வர எத்தனை ஆண்டு பிடித்தது என்பது நல்லதொரு வரலாற்றுப் பாடம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வேகத்துக்கு அபராதம் என்பது காரின் வயதே கொண்டது. 1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்டர் அர்னால்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டினார். அன்று ஊருக்குள் அனுமதி 2 மைல்தான்! போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கு ஒரு ஷில்லிங் அபராதம், வழக்குச் செலவு தனி.

கார்கள் சீக்கிரமே நாடு விட்டு நாடு போகத் தொடங்கின. 1909ல் பாரிஸில் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. வெளிநாடு போகும் கார் முட்டை வடிவத் தகட்டில் தன் நாட்டின் எழுத்தைத் தாங்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. பெயர் மாறிய பிறகும் இலங்கை வண்டிகளுக்கு சிலோன் காலத்து 'சி.எல்.' எழுத்துகள்தான் அடையாளம்.

ஆக, வண்டி எந்த நாட்டுடையது என்று பார்த்ததும் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்வது? ஒரு நாட்டு நீதிமன்றம் இன்னொரு நாட்டின் தண்டனையை நிறைவேற்றித் தராது என்பது பழைய கொள்கை. 1825லேயே அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஒரு தீர்ப்பில் இதைச் சொல்லியிருக்கிறார். தண்டிக்கும் அதிகாரம் அரசின் இறையாண்மையைச் சேர்ந்தது. அது எல்லைக்கோட்டில் நின்றுவிடும்.

சாலையில் போலீஸ்காரர் நின்ற காலத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை. வெளிநாட்டுக்காரரை நிறுத்தி, கையோடு பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். தொல்லை கேமராவோடு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேகத்தை அளக்கும் கருவியைப் பிரபலமாக்கியவர் ஒரு கார் பந்தய வீரர்! நெதர்லாந்தின் மாரிஸ் கட்சோனிடிஸ், 1953ல் மான்டே கார்லோ பந்தயத்தில் வென்றவர். தன் வேகத்தை இன்னும் கூட்டுவதற்காகக் கருவி செய்யப்போய், அதுவே 'கட்சோ' கேமராவாக உலகெங்கும் ஓட்டுநர்களைப் பிடித்தது. ஆனால் கேமரா படம்தான் எடுக்கும், வண்டியை நிறுத்தாது. உள்ளூர்க்காரருக்கு வீட்டுக்குக் கடிதம் போகும். வெளிநாட்டுக்காரர் கையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

நாடுகள் சும்மா இருக்கவில்லை. 1963ல் சுவீடன், டென்மார்க் முதலான வடக்கு நாடுகள் ஒருவர் விதித்த தண்டனையை மற்றவர் நிறைவேற்றித் தர ஏற்பாடு செய்துகொண்டன. 1964ல் ஐரோப்பியக் கவுன்சில் சாலைக் குற்றங்களுக்கென்றே ஓர் ஒப்பந்தம் எழுதியது. அது நடைமுறைக்கு வரவே 1972 ஆயிற்று. சேர்ந்த நாடுகளும் மிகச் சில.

இதற்கிடையே 1995ல் ஷெங்கன் ஒப்பந்தப்படி ஏழு நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையே எடுபட்டது. காருக்கு எல்லை இல்லை, சட்டத்துக்கு மட்டும் எல்லை உண்டு என்ற நிலை. அதன் விளைவைப் பின்னாளில் ஐரோப்பிய ஆணையமே கணக்காகச் சொன்னது. சாலையில் ஓடும் வண்டிகளில் வெளிநாட்டு ஓட்டுநர்கள் சுமார் 5 சதவீதம். வேகக் குற்றங்களிலோ அவர்கள் பங்கு சுமார் 15 சதவீதம்! பிடிபட மாட்டோம் என்று தெரிந்தால் மனிதன் எப்படி ஓட்டுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2005ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு முடிவெடுத்தது. ஒரு நாடு விதித்த அபராதம் 70 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால், ஓட்டுநரின் சொந்த நாடே வசூலிக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் பணம் வசூலித்த நாட்டுக்கே சேரும். நம் மாணவர் கட்டாமல் விட்டால், பான் நகரில் உள்ள ஜெர்மன் நீதித்துறை அலுவலகம் அவரிடம் வசூலிக்கலாம்.

ஆனால் கார் யாருடையது என்று தெரிந்தால்தானே கடிதம் அனுப்ப முடியும்? 2011ல் அதற்கும் சட்டம் வந்தது. வேகம், சிவப்பு விளக்கு, குடித்து ஓட்டுவது, சீட் பெல்ட், ஹெல்மெட், செல்போன் என எட்டுக் குற்றங்களுக்குப் பதிவு விவரங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2014ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம் நோக்கம் தவறு என்பதல்ல. போலீஸ் ஒத்துழைப்பு என்ற தலைப்பில் அதைப் போட்டது தவறு, போக்குவரத்துத் தலைப்பில் போட்டிருக்க வேண்டும் என்றது. 2015ல் அப்படியே திருத்தி மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விதி. அந்த முதல் கடிதம், அனுப்புகிற நாட்டின் மொழியில் இருந்தால் போதாது. காரின் ஆர்.சி. எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில், அல்லது கார் பதிவான நாட்டின் ஆட்சிமொழியில் இருக்க வேண்டும். புரியாத மொழியில் குற்றம் சாட்டினால் ஒருவர் எப்படிப் பதில் சொல்வார்?

இதன் அருமை புரிய ஒரு வழக்கு. போலந்துக்காரர் ஒருவருக்கு நெதர்லாந்து 232 யூரோ அபராதம் விதித்தது. நெதர்லாந்துச் சட்டப்படி கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பொறுப்பு. அவரோ, காரை அதற்கு முன்பே விற்றுவிட்டேன் என்றார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னவர் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லவில்லை! 2019ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: உரிமையாளர்தான் ஓட்டினார் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மறுக்க அவருக்கு வழி இருக்க வேண்டும். கடிதம் முறையாகச் சேர்ந்து, மறுக்கப் போதிய அவகாசமும் கிடைத்திருக்க வேண்டும். இவை இருந்தால் அபராதம் எல்லை தாண்டிச் செல்லும்.

ஐரோப்பா ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தடுமாறிக் கற்ற பாடம் இதுதான் என்று நினைக்கிறேன். தண்டனை மட்டும் எல்லை தாண்டினால் அது அடாவடி. "நான் இல்லை" என்று சொல்லும் உரிமையும் கூடவே தாண்டினால்தான் அது நீதி. இரண்டுமே தாண்டாவிட்டால், விதி உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்றாகிவிடும். அந்தச் சாலையோரத்தில் வசிப்பவரின் குழந்தை மீது மோதுகிற காருக்கு எந்த நாட்டு நம்பர் பிளேட்டாக இருந்தால் என்ன?

வாத்தியார் புத்தி, மூன்று அறிவுரை சொல்லாமல் முடிக்க முடியவில்லை. வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்தால், அபராதம் வரும்போது கம்பெனி உங்கள் விவரத்தைக் கொடுத்துவிடும், அதற்குத் தனிக் கட்டணமும் போடும். இத்தாலியில் வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு, எனவே தப்பித்தோம் என்று அவசரப்பட வேண்டாம். மூன்றாவது நம் ஊருக்கும் சேர்த்து: வண்டியை விற்றால் அன்றே ஆர்.சி.யில் பெயர் மாற்றுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் போய்வரும் பிள்ளைகள் அங்கே எப்படி என்று கீழே எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். எல்லோரும் நிதானமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்