மாரத்தான் போட்டோவில் மட்டும் முகம் ஏன் இப்படி வருது? காரணம் என்ன, என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 3.30 மணிக்கே எழுந்து, 10 கிலோமீட்டர் ஓடி முடித்து, கழுத்தில் மெடலோடு வீட்டுக்கு வர்றீங்க. மனசு முழுக்க சந்தோஷம். இரண்டு நாள் கழித்து போட்டோ லிங்க் வருகிறது. திறந்து பார்த்தால் வாய் கோணியிருக்கு, கண் பாதி மூடியிருக்கு, கன்னம் தொங்குது, வயிறு ஒரு பக்கமாகக் குலுங்குது. ‘நான் ஓடுறது இப்படித்தான் இருக்குமா?’ என்று நினைத்ததும் மெடல் வாங்கின சந்தோஷமே காணாமல் போய்விடுகிறது.

கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் பெயரே கொடுக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் பார்ப்பாங்களே என்று கூச்சப்பட்டு ரோட்டில் ஓடுவதையே நிறுத்துபவர்களும் உண்டு. உடம்புக்கு நல்லது செய்யும் ஒரு பழக்கம் ஒரே ஒரு போட்டோவால் நின்றுபோகலாமா? முதலில் அந்த போட்டோ ஏன் அப்படி வருகிறது என்று பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும்

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? 19-ம் நூற்றாண்டில் இது பெரிய விவாதம். 1878-ல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர், வரிசையாக கேமராக்களை வைத்துப் படம் எடுத்து ‘ஆமாம், எழும்பும்’ என்று காட்டினார். அதுவரை குதிரைகளைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த யாருடைய கண்ணுக்கும் அது தெளிவாகத் தெரியவில்லை.

உங்கள் போட்டோவிலும் நடப்பது இதுதான். ஓட்டத்தைப் படம் எடுப்பவர்கள், படம் மங்கலாகாமல் இருக்க ஒரு நொடியில் 1,000-ல் ஒரு பங்கு போன்ற வேகத்தில் கிளிக் செய்வார்கள். அந்தத் துளி நேரத்தில் இருக்கும் முகத்தை, ரோட்டோரம் நின்று கை தட்டியவர் பார்த்திருக்கவே முடியாது. அவர் பார்த்தது நீங்க ஓடிப் போனதைத்தான்.

கால் தரையில் படும்போது என்ன நடக்குது?

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும், உடல் எடையைப் போல் சுமார் 2 முதல் 3 மடங்கு விசை உடம்பு வழியாகப் போகும். அந்த அதிர்வில் கன்னம், தொடை, வயிறு, கைச் சதை எல்லாமே குலுங்கும். ஒல்லியாக இருப்பவருக்கும் இது நடக்கும். நிமிடத்துக்கு 160, 170 அடி வைத்தால் அத்தனை முறையும் நடக்கும்.

இரண்டு கால்களும் காற்றில் இருக்கும் நொடியில் எடுத்தால் பறப்பது போல் அழகாக வரும். கால் தரையில் பதிந்து முழங்கால் மடங்கும் நொடியில் எடுத்தால் உட்காரப் போவது போல் வரும். ஆள் ஒருவர்தான், ஓட்டமும் ஒன்றுதான்.

கண்ணாடியில் பார்க்கும் முகம் வேற

இன்னொரு காரணமும் இருக்கு. தினமும் கண்ணாடியில் நாம் பார்ப்பது இடம் வலமாக மாறிய முகம். 1977-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில், பெரும்பாலானவர்கள் தங்கள் முகத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் அச்சிட்ட படத்தையே விரும்பினார்கள். அவர்களின் நண்பர்களோ நேராக அச்சிட்ட படத்தை விரும்பினார்கள். பழகிய முகம்தான் பிடிக்கும். அதனால் உங்களுக்கு வித்தியாசமாகத் தெரியும் போட்டோ, மற்றவர்களுக்கு ‘நம்ம ஆளு’ மாதிரிதான் தெரியும்.

சாதனையாளர்கள் முகமும் இப்படித்தான்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸடோபெக். வலியில் துடிப்பது போன்ற முகத்தோடு ஓடுவதற்கே அவர் பிரபலம். 1954-ல் ஒரு மைல் தூரத்தை முதல்முறையாக 4 நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பேனிஸ்டர், எல்லைக்கோட்டைத் தொடும் படத்தில் வாய் திறந்து, தலை பின்னால் சாய்ந்துதான் இருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் முகம் சரியில்லை என்று சொல்வதில்லை.

அடுத்த ஓட்டத்தில் இதைச் செய்யுங்க

காரணம் புரிந்தாலும் ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. இதோ சில எளிய வழிகள்:

* எல்லைக்கோட்டில் வாட்சைப் பார்க்காதீங்க. பலரின் ஃபினிஷ் போட்டோ கெடுவது இங்கேதான். தலை குனிந்து பட்டனை அமுக்கும் நொடியில் கிளிக் ஆகிவிடும். டைமிங் சிப் கொடுத்திருந்தால் உங்கள் நேரம் தானாகப் பதிவாகும். கோட்டைத் தாண்டி பத்து அடி போன பிறகு வாட்சை நிறுத்தலாம்.
* பார்வை 20, 30 மீட்டர் முன்னால் இருக்கட்டும். தரையைப் பார்த்தால் கழுத்து மடங்கும், தோள் கூனும். நிமிர்ந்தால் மூச்சுவிடவும் வசதி.
* தோளைத் தளர விடுங்க. களைப்பில் தோள் காது வரைக்கும் ஏறிவிடும். கையை ஒரு முறை உதறிவிட்டு, விரல்களை இறுக்காமல் ஓடுங்க.
* லேசா சிரிங்க. கென்யாவின் எலியுட் கிப்சோகே கடினமான கட்டத்தில் வேண்டுமென்றே சிரித்தபடி ஓடுவார். 24 ஓட்டக்காரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், முகத்தைச் சுளித்து ஓடியதைவிட சிரித்தபடி ஓடியபோது ஆக்சிஜன் செலவு 2 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.
* கூட்டத்திலிருந்து விலகி ஓடுங்க. உயரமானவர் பின்னால் ஓடினால் கேமராவுக்கு நீங்க தெரிய மாட்டீங்க.
* பிப் நம்பரை முன்பக்கம் குத்துங்க. பெரும்பாலும் இந்த நம்பரை வைத்துத்தான் போட்டோவைத் தேட வேண்டியிருக்கும். பெல்ட்டோ ஜாக்கெட்டோ அதை மறைக்கக் கூடாது.
* பழகிய உடையைப் போடுங்க. வெளிர் சாம்பல் நிற காட்டன் டிஷர்ட்டில் வியர்வை திட்டுத் திட்டாகத் தெரியும். அடர் நிறம் அல்லது வியர்வை சீக்கிரம் காயும் துணி நல்லது. உடை உரசினாலோ, நழுவினாலோ அந்த அவஸ்தை முகத்தில் தெரியும். பெண்களுக்கு சரியான அளவில் ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம்.

ஃபிரண்ட் போனில் எடுக்கிறாரா?

மிக அருகில் வைட் லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் கை, கால் இழுபட்டுத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில், இடுப்பு உயரத்தில் போனைப் பிடிக்கச் சொல்லுங்க. ஒரே கிளிக் வேண்டாம். பர்ஸ்ட் மோடில் 20 படம் எடுத்தால் கால் காற்றில் இருக்கும் படம் ஒன்றாவது கிடைக்கும். சென்னை போன்ற ஊர்களில் ஓட்டம் இருட்டிலேயே தொடங்கிவிடும். அதனால் விடிந்த பிறகு நீங்க வரும் இடத்தில் ஃபிரண்டை நிறுத்துவது நல்லது.

போட்டோ வந்த பிறகு...

வந்த உடனே பெரிதாக்கிப் பார்த்து குறை தேடாதீங்க. முதலில் உங்கள் நேரத்தைப் பாருங்க, போன முறை எவ்வளவு என்று பாருங்க. பிறகு போட்டோவைத் தேர்வு செய்யும் வேலையை வீட்டில் ஒருவரிடமோ, கூட ஓடினவரிடமோ விடுங்க. நீங்க ஒதுக்கின படத்தையே அவங்க எடுக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு எச்சரிக்கை. ஓட்டத்துக்கு முன்பே பிப் நம்பரை சமூக வலைதளத்தில் போடாதீங்க. சில தளங்களில் நம்பர் தெரிந்த யார் வேண்டுமானாலும் உங்கள் படங்களைத் தேடிப் பார்க்க முடியும். பிடிக்காத படம் இருந்தால் அதை நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

ஒரு போட்டோவைப் பார்த்து சாப்பாட்டைத் தவிர்ப்பது, வெளியே வரவே தயங்குவது என்று போனால் அதை சாதாரணமாக விடக் கூடாது. மனநல ஆலோசகரிடமோ, மருத்துவரிடமோ பேசுங்க.

10 கிலோமீட்டரில் நீங்க வைப்பது சுமார் 10,000 அடிகள். போட்டோவில் இருப்பது அதில் ஒன்று. மீதி எல்லாவற்றையும் ஓடி முடித்ததும் நீங்கதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலாரம் அடிக்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க!