ஏவற்குரலும் ஏவல் கேட்கும் இல்லமும்

திருமறைக்காட்டுத் திருக்கதவத்தின் வரலாற்றைச் சைவ உலகம் நன்கறியும். மறைகள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட வாயில் நெடுங்காலம் திறவாதிருந்தமையால், அடியார்கள் வேறொரு வாயில் வழியே சென்று வழிபட்டு வந்தனர். 7ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்தருளிய அப்பரடிகள் பாடக் கதவு திறந்தது. ஞானசம்பந்தர் பாட அஃது அடைத்தது. திறக்கப் பாடியபோது கதவு காலந்தாழ்த்தமையும், அடைக்கப் பாடியபோது முதற்பாட்டிலேயே அது நிறைவேறியமையும் அப்பரடிகளின் உள்ளத்தை வருத்தின என்று 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுவர். அஃது அருளின் செயல். அதனைப் பொறியின் செயலோடு ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும், குரல் கேட்டு வாயில் திறக்கவேண்டும் என்னும் எண்ணமும், சொல்லியது உடன் நிறைவேறாதவழி உண்டாகும் வருத்தமும் நம் மரபிற்குப் புதியன அல்ல என்பது அவ்வரலாற்றாற் புலனாகும்.

அராபியக் கதையிலும் இத்தகைய கதவொன்று உண்டு. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்னும் திரைப்படமாக வந்து தமிழ் மக்கள் அனைவரும் அறிந்த அக்கதையிலே, குகையைத் திறக்கும் சொல்லை அறிந்து உட்புகுந்த காசிம் வெளியேறும் வேளையில் அச்சொல்லை மறந்து அகப்பட்டுக்கொள்கின்றான். ஒரு சொல் பிழைத்தால் கதவு வீட்டுக்காரனையும் அறியாது, கள்வனையும் அறியாது. குரலுக்குக் கட்டுப்படும் வீட்டைப் பற்றி இன்று நாம் பேசுங்கால் எழும் சிக்கல்களுட் பாதி இக்கதையிலேயே அடங்கியுள்ளன.

விளக்கை ஏற்று என்றால் ஏற்றியும், விசிறியை நிறுத்து என்றால் நிறுத்தியும், வாயிலைப் பூட்டு என்றால் பூட்டியும் பணிபுரியும் கருவிகள் உலகின் பல இல்லங்களிற் குடிபுகுந்துவிட்டன. இவை எவ்வாறு தோன்றின, எவர்க்குப் பயன்படுவன, எங்கே ஏமாற்றுவன என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பொறிகள் தோன்றுமுன் வீட்டில் ஏவல் கேட்டோர் மனிதரே. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே 19ஆம் நூற்றாண்டிற் கோப்பியும், அதன் அழிவின்பின் தேயிலையும் பயிரிடப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்களின் உழைப்பே அத்தோட்டங்களைத் தாங்கிற்று. அவர்களை வேலை வாங்க வந்த ஆங்கிலேயத் துரைமார் தமிழ் கற்க வேண்டியவராயினர். அவர்களுக்கெனவே 'இங்கே வா' என்னும் தலைப்புடன் சின்னத்துரைமார்க்கான தமிழ்க் கைந்நூலொன்று கொழும்பில் அச்சாயிற்று. 1915இல் வெல்ஸ் என்பார் 'கூலித் தமிழ்' என்னும் பெயரால் மற்றொரு நூலை வெளியிட்டார். ஒரு மொழியைக் கற்பிக்க வந்த நூலுக்கு ஏவல் வினையொன்றே தலைப்பாக அமைந்தமை சிந்தித்தற்குரியது. வா, போ, எடு, கொண்டுவா என்பனவே துரை அறிந்த தமிழ். ஏவலைக் கேட்டு நடந்த அம்மக்களின் சொல்லைக் கேட்போர் அரியராயினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது அவ்வுண்மை வெளிப்படையாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அன்று ஏவுவோன் ஏவப்படுவோனது மொழியைக் கற்றான். எவ்வளவு அதிகாரம் உடையவனாயினும், தன் சொல் விளங்காவிடின் வேலை நடவாது என்பதை அவன் உணர்ந்திருந்தான். இன்று பொறியை ஏவ விரும்பும் தமிழரும் அந்நிலையிலேயே நிற்கின்றனர்: பொறி அறிந்த மொழியை அவர் கற்றாக வேண்டும். இம்முறை அம்மொழி பெரும்பாலும் ஆங்கிலமாக அமைந்ததேன் என்பதற்கு விடை காணப் பொறியின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1920களில் 'றேடியோ றெக்ஸ்' என்னும் விளையாட்டுப் பொருளொன்று அமெரிக்காவில் விற்கப்பட்டது. சிறு கூட்டினுள் நிற்கும் நாயின் பெயரைச் சொல்லி அழைத்தால், அப்பெயரிலுள்ள உயிரொலியின் அதிர்வு மின்சுற்றைத் துண்டிக்க, வில்லின் விசையால் நாய் வெளியே பாயும். அதற்குப் பெயர் தெரியாது. அதிர்வு ஒன்றே தெரியும். 1952இல் பெல் ஆய்வுகூடத்தார் 'ஓட்ரி' என்னும் பொறியை அமைத்தனர். பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள எண்களை, தனக்குப் பழகிய குரலிற் சொன்னால், அது செம்மையாக இனங்கண்டது. பழகாத குரலிற் சொன்னாலோ தடுமாறிற்று. 1962இல் சியாற்றில் நகரத்து உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய 'சூபொக்ஸ்' 16 சொற்களை அறிந்திருந்தது.

இத்துறையை அடுத்த படிக்கு உயர்த்தியவருள் ஒருவர், சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958இற் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி ஆவர். அக்காலத்துச் சென்னை மாகாணத்தில், சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் பேச்சறி பொறிகளைப் பற்றிய ஆய்வை வழிநடத்தினார். அங்கு 1976இல் உருவான 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அறிந்தது. 1994இல் கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய டியூரிங் விருது அவருக்கும் எட்வர்டு பைகென்பாமுக்கும் வழங்கப்பட்டது.

வீட்டுப் பொருள்களைத் தொலைவிலிருந்து இயக்கும் முயற்சி வேறொரு வழியாக வளர்ந்தது. ஸ்கொட்லாந்தின் கிளென்றொதெஸ் நகரிலிருந்த பிக்கோ நிறுவனத்தார் 1975இல் 'எக்ஸ் 10' என்னும் முறையை வகுத்தனர். வீட்டுச் சுவரினுள் ஓடும் மின்கம்பி வழியாகவே குறிப்புகளை அனுப்பி விளக்குகளை இயக்குவது அதன் செயல். பேச்சை அறியும் கலையும் பொருளை இயக்கும் கலையும் இணையத்தின் வாயிலாகப் பின்னர் ஒன்றுசேர்ந்தன. 2011இல் அப்பிள் நிறுவனத்தின் 'சிறி' கைத்தொலைபேசியிற் குடிகொண்டது. 2014இல் அமேசன் நிறுவனத்தின் 'எக்கோ' என்னும் பேசும் கருவி, அலெக்சா என்னும் பெயருக்கு விடையளித்து மேசைமேல் அமர்ந்தது. 2016இல் கூகிள் நிறுவனத்தின் கருவியும் வெளிவந்தது.

இக்கருவிகள் இயங்கும் முறையைச் சுருங்கக் கூறுவாம். கருவியின் ஒலிவாங்கி தன்னை அழைக்கும் பெயரொன்றிற்காக எப்பொழுதும் காத்திருக்கும். பெயரைக் கேட்டவுடன், அதன்பின் வரும் பேச்சைப் பதிந்து, பெரும்பாலும் கடல்கடந்த நாட்டிலுள்ள பெருங்கணினிக்கு அனுப்பும். அக்கணினி ஒலியைச் சொல்லாக்கி, சொல்லின் கருத்தை உணர்ந்து, கட்டளையைத் திருப்பி அனுப்பும். அதன் பின்னரே நம் அறையின் மின்குமிழ் ஒளிரும். கைக்கெட்டும் தூரத்திலுள்ள விளக்கை ஏற்ற, குரல் கடல்கடந்து சென்று மீள்கின்றது.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று. நலமுடையோர்க்கு இது வசதி. நலிந்தோர்க்கோ இது விடுதலை. அம்பிட்டியவைப் போன்ற கண்டிச் சூழலின் மேட்டுநில ஊர்களில், பிள்ளைகள் கொழும்பிலோ கடல்கடந்த நாட்டிலோ வாழ, முதியோர் தனித்து வாழும் இல்லங்கள் உள. மூட்டுநோயால் எழுந்து நடக்க இயலாதார், பார்வை இழந்தோர், பக்கவாதத்தாற் கைசோர்ந்தோர் ஆகியோர்க்கு ஆளியைத் தேடி இருளில் நடத்தல் இடரானது. இரவில் விழுந்து எலும்பு முறியாதிருப்பதற்கு ஒரு சொல் உதவுமாயின், அதனை ஆடம்பரம் என்று இகழ்தல் முறையாகாது. 'அந்த விளக்கைப் போடு' என்று பிறரை எதிர்பார்த்துக் கிடத்தலினும், தாமே ஒரு சொல்லாற் செய்துகொள்ளுதல் மானத்தைக் காப்பதுமாகும்.

ஆயினும், எவர்க்கு இப்பயன் மிகுதியோ அவர்க்கே இக்கருவி மிகுதியாக ஏமாற்றமளிக்கின்றது. காரணம் மொழி. இக்காலப் பேச்சறி பொறிகள் இலக்கணம் கற்றுத் தேர்ந்தவை அல்ல. பதிவுசெய்யப்பட்ட பேச்சை மிகுதியாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவை. எவருடைய பேச்சு மிகுதியாகப் பதியப்பட்டதோ அவருடைய பேச்சே நன்கு விளங்கும். 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து பெருநிறுவனங்களின் பொறிகளைச் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களும், கறுப்பினத்தார் பேச்சில் நூற்றுக்கு 35 சொற்களும் பிழைபடக் கண்டனர். இருசாராரும் பேசியது ஆங்கிலமே. ஆங்கிலத்துள்ளேயே இவ்வளவு வேற்றுமையாயின், பிறமொழிகளைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

2017இல் இந்தியாவுக்கு வந்த அலெக்சா ஆங்கிலம் பேசிற்று. 2019இல் இந்தி கற்றது. தமிழுக்கு அவ்விடம் அன்று கிட்டவில்லை. கூகிள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் குரல்வழி உள்ளீட்டிற்குத் தமிழைச் சேர்த்தபோது, இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்னும் நான்கு நாட்டுத் தமிழையும் தனித்தனியே குறித்தமை பாராட்டற்குரியது. சிங்களமும் அப்பொழுதே சேர்க்கப்பட்டது. எனினும் நாட்டின் பெயரால் மட்டும் தமிழ் வேறுபடுவதில்லை. 'விளக்கை ஏற்று' என்பது ஏட்டு வழக்கு. வீட்டில் அவ்வாறு கூறுவார் யார்? யாழ்ப்பாணத்தார் 'லைற்றைப் போடு' என்பர். மலையகத்தார் 'லைட்ட போடு' என்பர். இளைஞர் 'லைட்டை ஓன் பண்ணு' என்பர். பேச்சும் எழுத்தும் இரு வழக்குகளாகப் பிரிந்து நிற்கும் நம் மொழியில், எழுத்தைக் கற்ற பொறி பேச்சின்முன் திகைத்து நிற்பது இயல்பே. பாட்டியார் தம் பேச்சை விடுத்து மேடைத்தமிழிலோ, அறியாத ஆங்கிலத்திலோ விளக்கை வேண்டுவாராயின், இல்லம் அவருக்கு அயலிடமாகிவிடும்.

அம்பிட்டியவின் வரலாற்றில் இதனோடு வைத்து எண்ணத்தக்க நிகழ்ச்சியொன்றுண்டு. 1893இல் இங்குத் தொடங்கி, 1955இல் இந்தியாவின் பூனா நகருக்கு மாறிய பாப்பிறைக் குருமடத்தில், பல மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட மாணாக்கர் பயின்றனர். அவர்களைப் பிணைத்த கல்விமொழி இலத்தீன். தம் தாய்மொழியல்லாத ஒன்றைக் கற்று, அதன்வழி ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளுதல் கல்விக்கூடத்திற்கு அழகே. அவர்கள் விரும்பி ஏற்ற துறவு அதனை வேண்டிற்று. ஆனால் இல்லம் குருமடமன்று. தன் வீட்டு விளக்கை ஏற்றுதற்கு ஒருவர் வேற்றுமொழித் தவம் செய்யவேண்டுவதில்லை.

மொழிக்குறை தீர்க்கத்தக்கதே என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்திற்கென அமைந்த ஒலியன் இனங்காணியைக் கொண்டே, குறைந்த அளவு பதிவுகளின் துணையால், வங்கிப்பணி தொடர்பான தமிழ், சிங்களக் கட்டளைகளின் கருத்தைப் பிரித்தறியலாம் எனக் காட்டினர். வீட்டிற்கு வேண்டிய கட்டளைகளோ மிகச் சில. பல்லாயிரம் சொற்களைக் கடலுக்கப்பாலுள்ள கணினியிற் குவித்தலினும், ஐம்பது கட்டளைகளை மலையகப் பேச்சிலேயே அறியும் சிறு கருவி எளிய மக்களுக்கு மிகப் பயன்படும்.

மொழிக்கு அடுத்த தடை சார்புநிலை. மின்சாரமும் இணையமும் இன்றி இக்கருவி ஊமையாகும். 1950இல் இலக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல் மலைநாட்டு அருவிகள் நாட்டிற்கு ஒளி தருகின்றன. ஆயினும் அவ்வொளி தடைப்பட்ட நாள்களை நாம் மறந்திலோம். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நேர்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. மின்சாரம் இருப்பினும் போதாது: 2025 அக்டோபர் 20ஆம் நாள் அமெரிக்காவில் அமேசனின் கணினி நிலையம் பழுதுற்றபோது, உலகின் பல இல்லங்களில் அலெக்சா வாய்மூடியது. நிறுவனம் நிலைக்கும் என்பதும் உறுதியன்று. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியன்' என்னும் நிறுவனம் முன்னறிவிப்பின்றித் தன் கணினிகளை நிறுத்த, அதன் கருவிகளை வாங்கியிருந்தோர் பலர் தம் வீட்டு விளக்குகளைக் கைத்தொலைபேசியால் இயக்க இயலாது திகைத்தனர்.

மூன்றாவது தடை நம்பிக்கை பற்றியது. கேட்கும் காது எப்பொழுதும் திறந்திருத்தல் வேண்டும். இன்றேல் அழைத்தபோது விடை கிடையாது. அக்காது எவருடையது? அலெக்சாவிடம் பேசப்பட்டவற்றின் பதிவுகள் சிலவற்றைப் பணியாளர் கேட்டுத் திருத்துகின்றனர் என்பது 2019இல் வெளிப்பட்டது. சிறுவர்களின் குரற்பதிவுகளை நீக்காது வைத்திருந்தமை தொடர்பான வழக்கில் 2023இல் அமேசன் 25 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. பேச்சை வெளியே அனுப்பாது கருவியினுள்ளேயே ஆராயும்படி சில கருவிகளில் இருந்த வசதியையும் அந்நிறுவனம் 2025 மார்ச்சில் நீக்கிவிட்டது. இலங்கையில் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, பண்டைப் பங்களாவில் ஏவல் கேட்டு நின்றோரும் வீட்டு மறைகளை அறிந்தவரே. ஆனால் அவர்களுக்கு முகமுண்டு, மனமுண்டு, நாணமுண்டு. பொறிக்கு அவை இல.

மேலும், பொறி தன் தலைவனை அறியாது. 2017 சனவரியில் அமெரிக்கச் சிறுமியொருத்தி அலெக்சாவின் வழியாகப் பொம்மைவீடு வருவித்த செய்தியைத் தொலைக்காட்சியில் வாசித்தவர் அச்சொற்களை அப்படியே கூற, அதைக் கேட்ட வேறு இல்லங்களின் கருவிகளும் பொம்மைவீடு வாங்க முற்பட்டன. காசிமின் குகை இன்றும் சொல்லையே அறிகின்றது, சொல்பவரை அறிகிலது.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க முடிபு யாது? குரலாற் பணிபுரியும் இல்லம் வேண்டாவென்று தள்ளுதலும், குறையற்றதென்று தழுவுதலும் ஒவ்வா. சுவரிலுள்ள ஆளி அகற்றப்படாதிருத்தல் வேண்டும். வாயிற்பூட்டிற்குத் திறவுகோல் வேண்டும். கட்டளை இயன்றவரை வீட்டினுள்ளேயே ஆராயப்படுதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, பொறி நம் மக்களின் பேச்சைக் கற்றல் வேண்டும். அது தானாகக் கற்றுக்கொள்ளாது; நாம் கற்பிக்க வேண்டும். மொசில்லா அமைப்பின் 'கொமன் வொய்ஸ்' என்னும் பொதுத் தொகுப்பிற் தமிழுக்கும் இடமுண்டு. எவரும் தம் குரலை அங்கு வழங்கலாம். அறிவியல் பயிலும் மாணாக்கர் தத்தம் ஊர்ப் பாட்டிமாரின் பேச்சை, அவர் இசைவு பெற்று, பதிந்து வழங்குவாராயின் அதுவே சிறந்த தமிழ்த்தொண்டாகும். பழைய தோட்டத்தில் ஏவலைக் கேட்க மட்டுமே உரிமை பெற்றிருந்த ஒரு மக்களின் குரல், இனியேனும் கேட்கப்படும் குரலாதல் வேண்டும்.

திருமறைக்காட்டுக் கதவு திறந்ததன் பயன் இருவர்க்கு மட்டும் உரியதன்று. அதன்பின் அடியார் அனைவரும் நேர்வாயிலாற் சென்று வழிபட்டனர். எக்கதவாயினும் திறத்தலின் சிறப்பு, அது யார் யார்க்குத் திறக்கின்றது என்பதிலேயே உள்ளது.