வானத்தில் ஒரு ஜீவனோபாயம்

நம் தேசத்துத் தொழில்களில் பெரும்பாலானவை தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தவை. தச்சனுக்கும் தட்டானுக்கும் நெசவாளிக்கும் வீட்டுப் பட்டறையே பள்ளிக்கூடமாக இருந்தபடியால், வித்தை கற்பதற்கென்று தனியாக ஒரு தொகையைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டிய அவசியம் அவர்களில் அநேகருக்கு ஏற்பட்டதில்லை. ஆகாய விமானம் ஓட்டும் தொழிலுக்கு இந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. அது இந்தியாவில் தொழிலாகவே பிறக்கவில்லை என்று சொல்வதுதான் சரி. செல்வந்தர்களின் கேளிக்கையாகப் பிறந்து, மெல்ல மெல்லத்தான் அது வயிற்றுப்பாட்டுக்கு உரிய ஓர் உத்தியோகமாக மாறிற்று. அந்த மாற்றம் முற்றுப்பெறுவதற்கு முன்னால், நடுவழியில் அகப்பட்டுக்கொண்டவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1927-ஆம் ஆண்டில் இந்திய - பர்மா ஏரோ கிளப் ஸ்தாபிக்கப்பட்டது. பம்பாயின் கோடீசுவரரான சர் விக்டர் சாஸூன் அதன் தலைமையை ஏற்றார். தொடர்ந்த இரண்டொரு ஆண்டுகளில் டில்லி, கராச்சி, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் பறக்கும் கிளப்புகள் தோன்றின. சர்க்கார் உதவித்தொகை கொடுத்தது. டி ஹாவிலாண்ட் கம்பெனியின் மாத் ரக விமானங்கள் வந்து இறங்கின. 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா இந்த நாட்டில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸைப் பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டு சென்னையிலும் ஒரு கிளப் எழுந்தது. கலெக்டர்களும் சமஸ்தானாதிபதிகளும் வர்த்தகப் பிரபுக்களும் அவர்களுடைய புத்திரர்களுமே இக்கிளப்புகளின் அங்கத்தினர் பட்டியலை நிரப்பியிருந்தார்கள். டென்னிஸ் மைதானத்துக்குப் போவதைப் போல விமான மைதானத்துக்குப் போனார்கள் என்றாலும் பிழையில்லை.

இந்தச் சமயத்தில் அக்காலத்து லைசென்ஸ் முறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ‘ஏ’ லைசென்ஸ், ‘பி’ லைசென்ஸ் என்று இரு வகைகள் இருந்தன. ‘ஏ’ பெற்றவர் தாமே விமானத்தை எடுத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் பறக்கலாம். நண்பர்களைக் கூட ஏற்றிச் செல்லலாம். ஆனால் அதற்காக ஒரு காலணாவும் கூலியாகப் பெறலாகாது. கூலிக்குப் பறக்க வேண்டுமானால் ‘பி’ வேண்டும். அதற்குக் கூடுதலான பறப்பு அநுபவம், இருளில் பறந்து காட்டும் திறமை, திசை காணும் கணிதம், வானிலை சாஸ்திரம், கடுமையான வைத்தியப் பரீட்சை எல்லாம் தேவைப்பட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது பணம். விமானத்தில் ஒவ்வொரு மணி நேரமும் விலைக்கு வாங்கப்படுவது. பெட்ரோலுக்கும் ஆசிரியருக்கும் யந்திரத் தேய்மானத்துக்கும் சேர்த்துக் கிளப் விதிக்கும் கட்டணத்தைக் கொடுத்தவன் எவனோ அவனுக்கே அந்த மணி கணக்கில் ஏறும். பணக்காரனுக்கு ‘பி’ அவசியமில்லை. அவசியமுள்ள ஏழைக்கோ அது எட்டாது. ஆரம்ப காலத்து இந்திய விமானத் தொழிலின் சரித்திரம் முழுவதும் இந்த முரண்பாட்டில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதிலிருந்து தப்பிக்க வழி இல்லாமற் போகவில்லை. ஒன்று, பரிசு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் தருவதாக ஆகா கான் அறிவித்தபோது, 1930-இல் அதை வென்றவர் பதினேழு வயதுப் பையனான ஆஸ்பி எஞ்சினியர். எதிர்த்திசையில் கராச்சியிலிருந்து பறந்துகொண்டிருந்த போட்டியாளரான டாட்டா, எகிப்தில் அபூகிர் என்னும் இடத்தில் அவனைச் சந்தித்து, அவனிடம் இல்லாத ஸ்பார்க் பிளக்கைத் தம்மிடமிருந்து எடுத்துக் கொடுத்து, அதனால் பந்தயத்திலும் தோற்றார். தோற்றவருடைய வாழ்க்கையில் அதனால் ஒன்றும் குறையவில்லை. வென்றவர் பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைப் பதவிக்கே உயர்ந்தார். மற்றொரு வழி, தபால். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் மார்க்கமாக பம்பாய் ஜூஹூவுக்குத் தபால் மூட்டையுடன் வந்திறங்க, அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்னும் விமானி அதை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆமதாபாத்தில் விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல், டின்களில் அடைக்கப்பட்டு மாட்டு வண்டியில் வந்தது. மழைக்காலத்தில் ஜூஹூ மைதானம் சேறாகிவிட்டதால் பூனாவுக்கு ஜாகையை மாற்ற வேண்டியிருந்தது. இப்படி அரைகுறையாக ஆரம்பித்த அந்தத் தபால் சேவைதான், விமானம் ஓட்டி மாதச் சம்பளம் வாங்கலாம் என்ற எண்ணத்தை இந்திய இளைஞர்களின் மனத்தில் முதன்முதலாக விதைத்தது.

அந்தத் தபால் விமானிகளில் ஒருவர் பி. டி. சர்மா. கராச்சிக்கும் லாகூருக்கும் இடையே பறந்த அவரே, தபால் விமானம் ஓட்டும் லைசென்ஸ் பெற்ற முதல் இந்தியர் என்று சொல்வார்கள். அவருடைய குடும்பத்தில் ஒன்பது பேர் விமானிகள் என்பது, நான் மேலே சொன்ன பரம்பரை விஷயத்துக்கு அபூர்வமான விதிவிலக்கு. 1914-இல் டில்லியில் பிறந்து, பதினாறாம் வயதில் அவருக்கு வாழ்க்கைப்பட்டவர் சரளா. புகுந்த வீட்டில் எல்லோரும் பறக்கும்போது மருமகள் மட்டும் தரையில் நிற்பானேன் என்று அந்தக் குடும்பத்துக்குத் தோன்றியது. மாமனாரும் கணவரும் கொடுத்த ஊக்கத்தில், 1936-ஆம் ஆண்டில், நாலு வயதுக் குழந்தைக்குத் தாயாக இருந்த 21 வயதுச் சரளா, ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு மேலே கிளம்பினார். மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, நூறு குதிரைச் சக்தி யந்திரம் பொருத்திய இரட்டைச் சிறகு விமானம் அது, மேற்கூரை கிடையாது, முன்னும் பின்னுமாக இரண்டே ஆசனங்கள். லாகூர் கிளப்பின் விமானத்தில் அவர் ஆயிரம் மணி நேரம் பறந்து முடித்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் யாவரும் குறிக்கிறார்கள்.

பத்திரிகைகளில் அவரைப் பற்றி வரும் வியாசங்களில் தவறாமல் காணப்படும் ஒரு விஷயம், அவர் புடவை உடுத்தியபடி விமானம் ஓட்டினார் என்பது. இதில் இத்தனை ஆச்சரியத்துக்கு என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. அந்த நாளில் அவர் வேறு எதை உடுத்தியிருப்பார்? அவர்தான் முதல் இந்தியப் பெண் விமானியா, அல்லது 1932-லேயே லைசென்ஸ் பெற்றதாகச் சொல்லப்படும் ஊர்மிளா பரீக்தான் முதல்வரா என்ற விவாதமும் அடிக்கடி எழுகிறது. யார் முதலில் என்ற கேள்வியைப் பந்தயக்காரர்களுக்கு விட்டுவிடலாம். சரளாவின் வாழ்க்கையில் சரித்திரக்காரன் நின்று கவனிக்க வேண்டிய வருஷம் 1936 அல்ல, 1939.

அந்த வருஷம் பி. டி. சர்மா விமான விபத்தில் மாண்டார். சரளாவுக்கு அப்போது வயது 24; இரண்டு பெண் குழந்தைகள். இந்து சமூகத்தில் அந்த வயதில் கணவனை இழந்தவளுக்கு என்ன கதி என்பதை நம் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மறுமணத்தை அனுமதித்த ஆரிய சமாஜக் குடும்பமாதலால் மூலையில் முடங்கும்படியான கொடுமை அவருக்கு நேரவில்லை என்பது ஓர் ஆறுதல். ஆயினும் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். எந்த யந்திரம் கணவனைக் கொண்டுபோயிற்றோ, அந்த யந்திரத்தையே நம்பிப் பிழைப்பது என்று அவர் தீர்மானித்தார். அதுவரை அவர் வைத்திருந்தது ‘ஏ’ லைசென்ஸ். கணவன் சம்பாதிக்கும்வரை அது போதும். இனி அவரே சம்பாதிக்க வேண்டும். ஆகவே ‘பி’ லைசென்ஸுக்குப் பயிற்சி பெறுவதற்காக ஜோத்பூருக்குப் புறப்பட்டுச் சென்றார்.

ஜோத்பூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மகாராஜா உமைத் சிங் தாமே விமானம் ஓட்டுபவர். பாலைவனத்தின் விளிம்பில் அவர் அமைத்த விமான நிலையத்தில் பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சுக் கம்பெனிகளின் கீழ்த்திசை விமானங்கள் எல்லாம் தங்கிச் சென்றன. சமஸ்தானத்தின் சொந்தக் கிளப்பும் அங்கே சிறப்பாக நடந்துகொண்டிருந்தது. பெரிய விமானங்களையும் பழுத்த விமானிகளையும் அன்றாடம் கண்ணாற் காணக்கூடிய அத்தகைய இடம் அன்றைய இந்தியாவில் வேறு அதிகம் இல்லை.

செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. சிவில் பயிற்சி நிறுத்தப்பட்டது. கிளப்புகளின் விமானங்களும் ஆசிரியர்களும் ராணுவத்துக்குத் திருப்பப்பட்டனர். ஜோத்பூரிலேயே விமானப் படையின் ஆரம்பப் பயிற்சிப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. விமானிகள் இல்லையே என்று ஒரு சாம்ராஜ்யம் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆயிரம் மணி நேரம் பறந்த ஒருவர் சும்மா திரும்பிப் போக நேர்ந்தது, அவர் பெண் என்ற ஒரே காரணத்தால். இங்கிலாந்தில் 1940 ஜனவரியில் பாலின் கவர் என்னும் மாதின் தலைமையில் எட்டுப் பெண்கள், தொழிற்சாலையிலிருந்து படை முகாம்களுக்கு விமானம் ஓட்டிச் சேர்க்கும் பணியில் அமர்த்தப்பட்டார்கள் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால், குற்றம் முழுவதையும் யுத்தத்தின் தலையில் போட நமக்கு மனம் வராது. அதே சர்க்கார்தான் இங்கேயும் ஆண்டது.

சரளா லாகூருக்குத் திரும்பி மேயோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வங்காள பாணிச் சித்திரம் பயின்று டிப்ளோமா பெற்றார். தேசப் பிரிவினையின்போது குழந்தைகளுடன் டில்லி வந்து சேர்ந்தார், 1948-இல் ஆர். பி. துக்ராலை மணந்தார். நகைகளுக்கும் துணிகளுக்கும் புதுப் புது மாதிரிகள் வரைந்து, அந்த வியாபாரத்தில் நல்ல பேரும் பொருளும் ஈட்டி, 2008-இல் தமது தொண்ணூற்று நாலாம் பிராயத்தில் காலமானார். தோல்வியுற்ற வாழ்க்கை என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விமானத்தால் ஜீவனம் செய்ய வேண்டும் என்று அவர் கொண்ட சங்கற்பம் நிறைவேறவில்லை. ஆர்வமூட்டும் கதை தேடுகிற அவசரத்தில் இதை நாம் மறைத்துவிடக் கூடாது.

யுத்தம் முடிந்தபின் நிலைமை மாறிற்று. அமெரிக்கப் படைகள் விட்டுச் சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவு விலைக்குக் கிடைக்கவே, கம்பெனிகள் மளமளவென்று முளைத்தன. 1949 ஜனவரி முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களின் தபாலை இரவில் நாகபுரியில் கூட்டிப் பிரித்து அனுப்பும் சேவை ஆரம்பமாயிற்று. விமானிகளுக்குத் தேவை ஏற்பட்டது. சர்க்கார் பயிற்சிப் பள்ளிகளும் உண்டாயின. பெண்களுக்கு மட்டும் கதவு அப்போதும் முழுதாகத் திறக்கவில்லை. 1947-இல் வர்த்தக லைசென்ஸ் பெற்ற பிரேம் மாத்தூர், பல கம்பெனிகள் கைவிரித்த பிறகு, ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸில் துணை விமானியாகச் சேர்ந்தார். உள்நாட்டு விமானக் கம்பெனிகள் எட்டும் 1953-இல் தேசிய உடைமையான பிறகு, இந்தியன் ஏர்லைன்ஸ் தன் முதல் பெண் விமானியை, துர்பா பானர்ஜியை, நியமிக்க 1966 வரை காத்திருந்தது.

நம் சென்னைக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. பெங்களூர் ஜக்கூரில் இருந்த சர்க்கார் பள்ளியில் பயின்ற உஷா சுந்தரம், 1951-இல் தம் கணவர் கேப்டன் வி. சுந்தரத்துடன் சென்னை சர்க்காருக்காக வாங்கப்பட்ட டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். பிற்காலத்தில் ‘புளூ கிராஸ்’ என்னும் ஜீவகாருண்ய ஸ்தாபனத்தை நிறுவிய அதே தம்பதிதான். உஷாவின் சாமர்த்தியத்தில் சந்தேகமில்லை. எனினும் அவருக்கு ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம் கிடைத்தது, பத்து வருஷம் முந்திப் பிறந்த சரளாவுக்கு அது கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றும் இந்தத் தொழிலுக்குள் புகுவதற்கான பாதை பணத்தின் வழியாகவே செல்கிறது. தகப்பனை இழந்த வீட்டுப் பிள்ளை, தாயின் நகையையும் நிலப் பத்திரத்தையும் வங்கியில் வைத்துவிட்டுத்தான் பறப்பு மணிகளை வாங்க வேண்டியிருக்கிறது. மணிக்கணக்கு அன்றுபோலவே இன்றும் விலைக்குத்தான் கிடைக்கிறது. உதவித்தொகைகள் உண்டெனினும் அவை தேவைக்கு முன் சொற்பம். இந்நாளில் இந்திய சர்க்கார் ஒருவருக்கு வர்த்தக விமானி லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்கும் பறப்பு அநுபவம் 200 மணி நேரம். சரளா ஜோத்பூருக்குப் போனபோது அவர் கணக்கில் அதைப்போல் ஐந்து பங்கு இருந்தது.