பெற்றோர் உள்ள அநாதைகள்

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, ஹெயிட்டி நாட்டின் தலைநகராகிய போர்ட்-ஓ-பிரின்சுக்குக் கிழக்கே, அநாதை இல்லமொன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மிசனரிமார் பதினேழு பேர், 'நானூறு மாவோசோ' என்னும் ஆயுதக் குழுவினரால் வழிமறித்துக் கடத்தப்பட்டனர். அவருள் பதினாறு பேர் அமெரிக்கர், ஒருவர் கனடியர். ஐவர் சிறுவர், எட்டு மாதக் கைக்குழந்தையும் அவர்களுள் ஒன்று. குடும்பத்தோடு ஊழியத்துக்குப் புறப்பட்டு வந்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஆளொன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் மீட்புப் பணமாகக் கேட்கப்பட்டது. நவம்பரில் இருவரும் டிசெம்பர் முற்பகுதியில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். எஞ்சிய பன்னிருவர், டிசெம்பர் நடுப்பகுதியில் ஓரிரவு, குழந்தைகளைச் சுமந்துகொண்டு பற்றைக் காடுகளினூடே நடந்து தப்பினர்.

அப்போது அந்நாடு எந்த நிலையில் இருந்தது? மூன்று மாதங்களுக்கு முன், யூலை 7ஆந் திகதி, சனாதிபதி ஜொவனெல் மொயிஸ் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தலைநகரின் பெரும் பகுதி ஆயுதக் குழுக்களின் பிடியில் இருந்தது. மிசனரிமார் கடத்தப்பட்ட இரண்டாம் நாள், தலைநகரின் வாகனச் சாரதிகளும் கடைக்காரரும் பாதுகாப்புக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது அயலவரும் உறவினரும் நாள்தோறும் கடத்தப்பட்டு வந்தனர். ஆயினும், உலகப் பத்திரிகைகள் நாள் எண்ணிக் கவலைப்பட்டது அந்தப் பதினேழு பேரைப் பற்றியே. ஹெயிட்டியர் அப்பத்திரிகைகளில் தொகையாக மட்டும் வந்து போயினர்.

சென்றவர்களின் அன்பை நாம் ஐயுறவில்லை. எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தகைய நாட்டுக்குப் போகிறவர்கள் இலாபம் தேடிப் போகிறவர்களல்லர். நாம் எழுப்ப விரும்புவது வேறொரு வினா. அவர்கள் காணச் சென்ற இல்லங்களில் வாழும் பிள்ளைகள் யார்?

ஹெயிட்டியின் அநாதை இல்லங்களில் ஏறத்தாழ 30,000 பிள்ளைகள் இருந்தனர் என்பதும், அவர்களுள் ஐந்தில் நால்வருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தனர் என்பதும் சிறுவர் நலத்துறையில் உழைப்போர் பல காலமாகக் கூறிவரும் கணக்கு. சோறும் பாடசாலையும் கிடைக்குமென்று பெற்றோரே கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் இவர்கள். பெற்றோர் உள்ள பிள்ளை எவ்வாறு அநாதையாயிற்று என்பதை அறிய நாம் இரு நூற்றாண்டுகள் பின்னே செல்லல் வேண்டும்.

1791இல் கரும்புத் தோட்டங்களின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். நெப்போலியனின் படையை முறியடித்து, 1804 ஜனவரி முதலாந் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்தனர். அடிமைகள் தாமே போராடித் தமக்கென ஒரு நாட்டை அமைத்தது உலக சரித்திரத்தில் அதுவே முதன்முறை. இதற்கு அவர்கள் கொடுத்த விலை போர்க்களத்தோடு முடியவில்லை. 1825இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்ல்சின் போர்க்கப்பல்கள் போர்ட்-ஓ-பிரின்சுத் துறைமுகத்துக்கு வந்து நின்றன. நிலத்தையும் அடிமைகளையும் இழந்த தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்கு நட்டஈடு செலுத்தினாலன்றிச் சுதந்திரத்தை ஏற்க முடியாதென்பது மன்னன் ஆணை. தம் உடலைத் தாமே விலை கொடுத்து வாங்கும்படி விடுதலை பெற்ற மக்கள் பணிக்கப்பட்டனர்! முதல் தவணைக்கே ஹெயிட்டி பாரிசு வங்கிகளிடம் 3 கோடி பிராங்கு கடன்பட்டது. அதில் 60 இலட்சத்தை வங்கிக்காரர் முன்கூட்டியே பிடித்துக்கொண்டனர். 1838இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டதெனினும், இக்கடனின் தொடர்ச்சி 1947 வரை இழுபட்டது. பாடசாலையாகவும் வைத்தியசாலையாகவும் மாறியிருக்க வேண்டிய கோப்பிப் பணம் இவ்வாறு கடல் கடந்தது.

1914 டிசெம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் ஹெயிட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 இலட்சம் டொலர் பெறுமதியான தங்கத்தை நியூயோர்க்குக்கு எடுத்துச் சென்றனர். அடுத்த யூலையில் அவர்களே நாட்டைக் கைப்பற்றி, 1934 வரை ஆண்டனர். குடியானவரைக் கட்டாய வேலையில் அமர்த்தி வீதிகள் போட்டனர். எதிர்த்துப் போராடிய சார்ல்மான் பெரால்ற் 1919இல் கொல்லப்பட்டான். அவன் உடலைக் கதவொன்றில் கட்டிப் படமெடுத்து, மக்களை அச்சுறுத்துவதற்காக ஊரெங்கும் பரப்பினர். 1957 முதல் 1986 வரை நடந்த துவாலியே தந்தை மகன் கொடுங்கோன்மை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஈண்டு அதனை விரிக்கவில்லை.

ஆனால் பன்றியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஹெயிட்டிக் குடியானவன் வளர்த்த சிறிய கறுப்புப் பன்றி, கழிவையும் கிழங்குத் தோலையும் தின்று, கொட்டிலின்றி வளர்ந்தது. வங்கி அறியாத குடும்பத்துக்கு அதுவே வங்கி. பாடசாலை தொடங்கும் மாதத்தில் ஒரு பன்றியை விற்றால் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வழி பிறக்கும். நோய் வந்தாலும் கலியாணம் வந்தாலும் அப்படியே. 1970களின் இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அத்தீவிற் பரவிற்று. அது தம் நாட்டுப் பன்றிப் பண்ணைகளுக்குத் தாவிவிடுமென அஞ்சிய அமெரிக்கர், ஹெயிட்டியின் பன்றிகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டுமென வற்புறுத்தினர். 1983க்குள் கறுப்புப் பன்றி நாட்டில் இல்லாதொழிந்தது. ஈடாக அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளைப் பன்றிகளுக்குச் சுத்தமான நீரும் விலைத் தீனியும் கூரை போட்ட கொட்டிலும் வேண்டியிருந்தன. இவை எதுவும் தம் பிள்ளைகளுக்கே வாய்க்காத குடியானவர்கள் அவற்றுக்கு 'நாலுகால் இளவரசர்' என்று பெயர் வைத்தனர். சிரிப்பு மட்டும் மிஞ்சியது, சேமிப்புப் போயிற்று.

பின்னர் நெல்லின் முறை வந்தது. 1995இல் அரிசி இறக்குமதித் தீர்வை, கடன் கொடுத்தோரின் நெருக்குதலால், 3 வீதமாக வெட்டப்பட்டது. அரசாங்க மானியம் பெற்று விளைந்த அமெரிக்க அரிசி மலிவாக வந்து குவிந்தது. அர்த்திபோனித் பள்ளத்தாக்கின் கமக்காரன் போட்டியிட மாட்டாமல் நிலத்தை விட்டுத் தலைநகரின் சேரிக்கு வந்தான். அக்காலத்தில் அமெரிக்க சனாதிபதியாயிருந்த பில் கிளின்ரன், இக்கொள்கை தம் ஆர்க்கன்சா மாநிலத்து விவசாயிகள் சிலருக்கு நன்மை தந்திருக்கலாம், ஹெயிட்டிக்கு நன்மை தரவில்லை என்று 2010 மார்ச்சில் செனற் சபைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளுதல் நெல்லை முளைக்கச் செய்யாது என்பது வேறு விடயம்.

எனவே 2018 யூலை 6ஆந் திகதி, சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மண்ணெண்ணெய் விலையை அரசாங்கம் ஒரேயடியாக 51 வீதம் உயர்த்தியபோது நாடு தீப்பற்றி எரிந்ததில் வியப்பில்லை. மறுநாளே விலையேற்றம் கைவிடப்பட்டது; எட்டு நாட்களுள் பிரதம மந்திரியும் பதவி விலகினார். கோடை விடுமுறையில் ஊழியத்துக்கு வந்திருந்த அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் பல, விமானங்கள் நின்றுபோனமையால், தங்கிய இடத்திலேயே முடங்கின. 'கலவரத்தில் அகப்பட்டோம்' என்பதே அத்தகையோரின் அனுபவக் கதை. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் வாங்குகிறவளின் கதை அதில் இடம்பெறுவதில்லை.

வறுமைப்பட்ட குடும்பம் பிள்ளையைப் பட்டணத்து வீட்டில் வேலைக்கு விடுவது ஹெயிட்டியில் நெடுநாள் வழக்கம். அப்பிள்ளையை 'ரெஸ்தவெக்', அதாவது 'உடனிருப்பவர்' என்பர். உழைப்பு உண்டு, கூலி இல்லை. அநாதை இல்லம் அதனிலும் நல்ல வழியாகத் தாய்க்குத் தோன்றியது. வெளிநாட்டார் 'அநாதை'க்கே பணம் தருகின்றனர். தாயோடு வாழும் ஏழைப் பிள்ளைக்குத் தருவதில்லை. ஆகவே இல்லம் நடத்துவோருக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டனர்; பெற்றோருக்கு இல்லம் தேவைப்பட்டது.

இவ்வேற்பாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் நடத்திய விடுதிப் பாடசாலைகளில், ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரியின் பெயரையே அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. அப்பாடசாலைகளால் நம்மவர் பெற்ற கல்வியை மறுப்பது நன்றியீனம். ஆயினும், தாய் வைத்த பெயர் ஒன்றும் கணக்கேட்டுப் பெயர் ஒன்றுமாக வாழ்ந்த அச்சிறுவர்களை நினைத்தால், ஹெயிட்டி அத்துணைத் தூரமாகத் தோன்றவில்லை.

2010 ஜனவரி 12இல் ஹெயிட்டியைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அம்மாத இறுதியில், அமெரிக்க பப்ரிஸ்ற் சபையினர் பத்துப் பேர் 33 பிள்ளைகளைப் பேருந்திலேற்றி, உரிய பத்திரங்களின்றி தொமினிக்கன் எல்லையைக் கடக்க முயன்று பிடிபட்டனர். பூகம்ப அநாதைகள் என்றே அவர்கள் கூறினர். விசாரித்தபோது பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தமை தெரியவந்தது. பலர் தலைநகருக்கு மேலேயுள்ள கலெபாஸ் என்னும் மலைக்கிராமத்தவர். தாங்களே மனமொப்பிக் கொடுத்ததாகவும், படிப்பும் நல்வாழ்வும் கிடைக்குமென நம்பியதாகவும் பெற்றோர் கூறினர். மார்ச் மாதத்தில், ஒரு பிள்ளை தவிர ஏனையோர் அனைவரும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். தாய்மார் வந்து கையைப் பிடித்து அழைத்துச் சென்றனர். கொடுக்கத் தூண்டிய வறுமை அவர்களது வீடுகளில் அப்படியே இருந்தது.