ஓட்டமும் நடையுமாக

குற்றாலம் பேரருவியில் ஆண்கள் குளிக்க ஒரு பக்கம், பெண்கள் குளிக்க ஒரு பக்கம் என்று தடுப்பு வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அருவிக்கு மேலே காட்டுக்குள் போனால் அப்படிக் கம்பி எதுவும் கிடையாது. செண்பகாதேவி அருவிக்கும் அதற்கும் மேலே தேனருவிக்கும் ஏறும் ஒற்றையடிப் பாதைகளில் ஆண் தடம், பெண் தடம் என்று தனித்தனியாக இல்லை. ஆனாலும் இந்த மலைப் பாதைகளில் யார் எதற்காகப் போகலாம் என்ற கணக்கு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. இன்று காட்டுப் பாதையில் ஓடுவது ஒரு விளையாட்டாகிவிட்டது. அதற்கென்று காலணி, போட்டி, பதக்கம் எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பாதையில் ஒரு பெண் தனக்காக ஓடலாமா என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கும் பழைய கணக்கைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

மலையடிவார ஊர்ப் பெண்களுக்குக் காடு புதிய இடம் அல்ல. சுள்ளி பொறுக்கவும், புல் அறுக்கவும், நெல்லியும் கடுக்காயும் எடுக்கவும் போனவர்கள் அவர்கள்தான். தலையில் சும்மாடு வைத்து விறகுக் கட்டை ஏற்றிவிட்டால் இடையில் நிற்க முடியாது. இறக்கினால் மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். அதனால் கட்டோடு இறங்குகிற பெண் நடப்பதுமில்லை, ஓடுவதுமில்லை. 'ஓட்டமும் நடையுமாக' என்று நாம் சொல்வது அந்தக் கால்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும். கழுத்தை அசைக்காமல், கல் எது வேர் எது என்று காலாலேயே பார்த்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். போய் அடுப்பு மூட்ட வேண்டும். அந்த ஓட்டத்தை யாரும் ஓட்டம் என்று எண்ணியதில்லை. பெண்ணுக்கு ஆகாத பாதை என்றும் அப்போது யாரும் சொன்னதில்லை.

எழுதப்பட்ட வரலாற்றில் இந்த மலைக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஜாதிக்காய், கிராம்பு முதலான வாசனைப் பயிர்கள் குற்றாலத்தில் நடப்பட்டன. வெயிலுக்குப் பயந்த வெள்ளை அதிகாரிகள் சாரல் காலத்தில் இங்கே வந்து தங்கினார்கள். பக்கத்து ஊரான காசிமேஜர்புரத்தின் பெயரிலேயே கேஸமேஜர் என்ற ஆங்கிலேயர் இருக்கிறார். 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இந்த மலையில் ஏராளமான செடிகளைச் சேகரித்தார். செடிகளுக்குப் பெயர் கிடைத்தது, ஊருக்கும் பெயர் கிடைத்தது. பாதையைக் காலால் போட்டு வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது வேறொன்று. 1882இல் வந்த சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கியது. அதன் பிறகு நேற்றுவரை சுள்ளி எடுத்தவள் அனுமதியில்லாமல் எடுத்தால் குற்றவாளி. காட்டுப் பாதையில் ஒரு பெண்ணை நிறுத்தி 'எதற்காக வந்தாய்?' என்று கேட்கும் அதிகாரம் முதலில் சட்டமாக வந்தது இப்படித்தான்.

ஆனால் அந்தக் கேள்வி சட்டத்தைவிடப் பழையது. திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை இந்தக் கண்ணோட்டத்தோடு மறுபடி படித்துப் பாருங்கள். அதில் இரண்டு பெண்கள். வசந்தவல்லி பந்தடிக்கிறாள். உடல் குதிக்கிறது, சுழல்கிறது, ஆனால் அவள் எல்லை அந்த வீதியோடு முடிகிறது. காதல் வந்ததும் தூது போகக்கூடத் தோழிதான் வேண்டும். சிங்கி அப்படியல்ல. மலை மலையாக, நாடு நாடாகக் குறி சொல்லிக்கொண்டு போகிறவள். தமிழ் இலக்கியத்தில் தன் காலால் தொலைவு கடந்த பெண்களில் அவளுக்கு முக்கியமான இடம் உண்டு. அவளும் திரும்பி வந்ததும் என்ன நடக்கிறது? சொல்லாமல் எங்கே போனாய் என்று கேட்கிறான் சிங்கன். காலில் கிடப்பது என்ன, கையில் கிடப்பது என்ன என்று ஒவ்வொரு நகையாக விசாரிக்கிறான். குறி சொல்லிப் பெற்ற பரிசு என்று அவள் கணக்குக் கொடுக்கிறாள். நாம் சிரித்துக்கொண்டே படிக்கும் பகுதி அது. தொழிலுக்காகப் போனவளுக்கே இத்தனை விசாரணை என்றால், சும்மா போனவள் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

குற்றாலத்துக்குத் தெற்கே இதே மலைத்தொடரில் இருக்கிறது அகத்தியர் மலை. 1,868 மீட்டர் உயரம். தமிழ்நாடும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் உச்சி அது. 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்த காப்பகம். கேரள வனத்துறை ஆண்டுதோறும் சில வாரங்கள் மட்டும் மலையேற அனுமதி கொடுக்கும். நெடுங்காலம் அந்த அனுமதி பெண்களுக்குக் கிடையாது. பாதை கடினமானது என்பது ஒரு காரணம், அகத்தியர் பிரம்மச்சாரி என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. பெண் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில், அந்தத் தீர்ப்புக்குப் பின் முறையான அனுமதியோடு உச்சியை அடைந்த முதல் பெண் தன்யா சனல்.

இதில் நமக்கு எளிதாக இல்லாத ஒரு பகுதியும் உண்டு. அந்த மலையைத் தெய்வமாகக் கொண்டாடும் காணி மக்கள், அவர்களில் பெண்களும், பெண்கள் உச்சிக்கு ஏறுவதை எதிர்த்து அடிவாரத்தில் உட்கார்ந்தார்கள். ஏறியவர்களை வழிமறிக்கவில்லை. தங்கள் வருத்தத்தைச் சொன்னார்கள். காட்டைத் தலைமுறைகளாகக் காத்தவர்களிடமிருந்து காட்டை வாங்கிக்கொண்ட அரசு, நம்பிக்கை என்று வரும்போது மட்டும் அவர்களை முன்னே நிறுத்துவதையும் நாம் பார்க்க வேண்டும். பழங்குடிப் பெண்ணின் உரிமையைப் பேசாமல் நகரத்துப் பெண்ணின் மலையேற்ற உரிமையை மட்டும் பேசினால் நம் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

'உடம்பு தாங்காது' என்ற காரணம் நம் மலைக்கு மட்டும் உரியதல்ல. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அந்தப் பந்தயம் நீக்கப்பட்டு 1960இல்தான் திரும்பி வந்தது. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்த கேத்ரின் ஸ்விட்சரைப் பந்தய நிர்வாகி ஒருவர் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். அவர் ஓடி முடித்தார். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது 1984இல். அதே 1984இல், பையோளிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய பி.டி. உஷா, 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தை இழந்தார். விறகுக் கட்டோடு மலை இறங்கும்போது தாங்கிய உடம்பு, கட்டு இல்லாமல் ஓடும்போது மட்டும் எப்படித் தாங்காமல் போகும்?

2018 மார்ச்சில், மகளிர் தினத்தையொட்டிய நாட்களில், தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்கள் பலர். அப்போது கேட்கப்பட வேண்டிய கேள்விகள் இருந்தன: தீ எச்சரிக்கை எப்படிச் சொல்லப்படுகிறது, வழிகாட்டிகளுக்குப் பயிற்சி உண்டா, மீட்பு எவ்வளவு நேரத்தில் வரும்? ஆனால் பல வாய்களில் வந்தது, 'பொம்பளப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?' என்பதுதான். இறந்த ஆண்களைப் பற்றி அப்படி யாரும் கேட்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணத்தோடு திறந்தது. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். ஆண், பெண் என்ற பேதம் விதியில் இல்லை. இது உண்மையான முன்னேற்றம்.

ஆனாலும் விதியில் இல்லாதது வீட்டில் இருக்கிறது. ஐந்தருவிச் சாலையில் விடியற்காலையில் ஓடப் போகும் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். போட்டிக்குப் பயிற்சி, போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி, உடம்பு குறைய டாக்டர் சொன்னார் என்று ஏதாவது ஒரு காரணத்தை வீட்டுக்குத் தயாராக வைத்திருப்பாள். சாரல் முகத்தில் படுவது பிடித்திருக்கிறது என்பது காரணமாக ஏற்கப்படாது. சிங்கி நகைக்குக் கணக்குச் சொன்னதுபோல இவள் நேரத்துக்குக் கணக்குச் சொல்கிறாள்.

நாம் கேட்பது சாகசம் அல்ல. காரணம் சொல்லாமல் போய்வரும் உரிமை. அந்த உரிமை கட்டணம் கட்டி, காலணி போட்டு ஓடுகிறவளுக்கு மட்டும் என்று ஆகிவிடவும் கூடாது. நாளை இந்த மலையில் ஓட்டப் பாதைக்கு அறிவிப்புப் பலகை நடும்போது, அந்தத் தடத்தைத் தேய்த்துப் பாதையாக்கிய விறகுக்காரப் பெண்ணும் அதில் தடுக்கப்படாமல் நடக்க வேண்டும். இன்னொரு நாள் அவளும் சும்மாட்டை வீட்டில் வைத்துவிட்டு, வெறும் தலையோடு, சும்மா வர வேண்டும்.