சாட்சியின் நம்பகத்தன்மையும் அரசுத் தரப்பின் கடமையும்

குற்ற வழக்கில் தன் சாட்சியின் சொல்லைச் சந்தேகத்துக்குள்ளாக்கும் ஆவணம் ஏதும் இருந்தால், அரசுத் தரப்பு அதை எதிரித் தரப்புக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பதே இக்கடமை. அமெரிக்காவில் 1963-இன் பிரேடி தீர்ப்பும், சாட்சிக்குக் கொடுத்த வாக்குறுதியை மறைத்தது பற்றிய 1972-இன் ஜிக்லியோ தீர்ப்பும் இதை நிலைநாட்டின. இந்தியாவில் இது பல சட்டப் பிரிவுகளிலும் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது.

போலீஸ் விசாரணையில் சாட்சி சொல்வதைப் புலன் விசாரணை அதிகாரி எழுதிக்கொள்வார். சாட்சி அதில் கையெழுத்திடுவதில்லை. குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்புக்கு இந்த வாக்குமூலமே முதல் ஆயுதம். “இருட்டில் ஆளைத் தெரியவில்லை” என்று முதலில் சொன்னவர், கூண்டில் ஏறி எதிரியை அடையாளம் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கறிஞர் அந்த வரியைக் குறிப்பிட்டுச் சாட்சியிடம் கேட்பார். சாட்சி மறுத்தால், அதிகாரி கூண்டேறும்போது “உங்களிடம் இப்படிச் சொன்னாரா?” என்று கேட்டு முரண்பாட்டைப் பதிவு செய்வார். வாக்குமூலத்தின் நகல் கையில் இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கே வழியில்லை.

குற்றத்தில் பங்குகொண்டு, பின் மன்னிப்புக்கு ஈடாக அரசுத் தரப்புச் சாட்சியாக (அப்ரூவராக) மாறியவரின் சொல்லும் சந்தேகத்துக்குள்ளாகலாம் என்பதால், அவருக்கு மன்னிப்பு வழங்கிய மாஜிஸ்திரேட் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். எதிரி கேட்டால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

நியாயமான விசாரணைக்கு ஆவண வெளிப்படுத்தல் இன்றியமையாதது என்று 2010-இல் மனு சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பெங்களூரில் நடந்த சொத்துக் குவிப்பு வழக்கில், நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டும் சான்றாகக் குறியிடப்படாத ஆவணங்களைப் பார்வையிட, எதிரிகளில் ஒருவரான வி.கே. சசிகலாவுக்கு 2012-இல் அனுமதி அளித்தது. ஆனால் போலீஸ் அனுப்பாமலே வைத்துக்கொண்ட ஆவணம் இருப்பதே எதிரிக்குத் தெரியாது. தெரியாததை எப்படிக் கேட்பது? உச்ச நீதிமன்றம் 2021-இல் ஏற்ற மாதிரி விதிகள் இதற்கு வழி சொல்கின்றன: அரசுத் தரப்பு தன் வழக்குக்கு ஆதாரமாகக் கொள்ளாத வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும். 2022-இல் மனோஜ் வழக்கிலும், பி. பொன்னுசாமி எதிர் தமிழ்நாடு மாநிலம் வழக்கிலும் இது மீண்டும் வலியுறுத்தப்பட்டது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு, எதிரி ஆஜரான 14 நாளுக்குள் நகல்களைத் தரச் சொல்கிறது. ஆயினும் அரசுத் தரப்பு விசாரிக்கவிருக்கும் சாட்சிகளின் வாக்குமூலங்களையே அது குறிப்பிடுகிறது. கைவிடப்பட்ட சாட்சிகளைப் பற்றியோ அந்தப் பட்டியலைப் பற்றியோ பேசவில்லை. புதிய சட்டத்தின் பெருங்குறை இது.